இது இங்கிலீஷ் கார் இல்லீங்க

பழைய கார் ஒன்று வாங்கலாமா என்று யாராவது யோசனை கேட்டால், இஞ்சினையும் துருவையும் அப்புறம் பேசலாம், ஆர்.சி. இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்பேன். துருவுக்கு டிங்கர் இருக்கிறார். இஞ்சினுக்கு லேத் இருக்கிறது. வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் காலமாகிவிட்டு, பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருந்தால், அதைச் சரிசெய்ய எந்தப் பட்டறையும் கிடையாது.

என்னுடையது 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புச் சாளையில் நின்றிருந்தது. ஊரில் அதற்கு ‘மாட்டு டாக்டர் கார்’ என்றுதான் பெயர். டாக்டர் ஒழுங்கான மனிதர். பதிவுப் புத்தகம், வரி கட்டிய ரசீது, டைனமோவுக்கு பிரஷ் மாற்றிய பில் வரைக்கும் ஒரே ஃபைலில் போட்டுக் கயிறு கட்டி வைத்திருந்தார். பிள்ளைகள் மூன்று பேர். ஒருவர் தோப்பைப் பார்த்துக்கொள்கிறார், ஒருவர் பெங்களூரு, மகள் மஸ்கட். வாரிசுச் சான்றிதழும் மூன்று பேர் கையெழுத்தும் சேர்வதற்கு ஆன காலத்தில் ஒரு இஞ்சினை இறக்கி ஏற்றியிருக்கலாம். கடைசியில் அந்த அக்கா லீவில் வந்தபோதுதான் காரியம் முடிந்தது. “அப்பா இதுலதானுங்க எங்களை ஆழியாறு கூட்டிட்டுப் போவாரு. ஓட்டறதா இருந்தா எடுத்துக்குங்க. உடைக்கிறவங்களுக்கு மட்டும் குடுத்துராதீங்க” என்றார். விலையைப் பற்றி அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

நான் கோவையில் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்ப்பவன். ஸ்பிண்டில், பேரிங், மோட்டார் இவற்றோடுதான் பிழைப்பு. கார் மெக்கானிக் வேலை படித்தவன் இல்லை. அப்படிப்பட்டவன் வீட்டுப் பின்பக்கம் தகர ஷெட் போட்டு ஒரு காரைப் பிரிக்கலாம் என்ற தைரியத்தைக் கொடுத்ததே ஹெரால்டின் அமைப்புதான். இதன் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. இரண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட்டு, கிரில் எல்லாம் சேர்ந்து ஒரே பாகமாக முன்பக்கம் சாயும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொக்கிகளை விடுவித்துத் தூக்கினால் இஞ்சின், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் மொத்தமும் கண்முன்னே. முன்டயர் மேல் உட்கார்ந்துகொண்டு டேப்பெட் அட்ஜஸ்ட் செய்யலாம். இன்றைய கார்களில் பல்பு மாற்றவே பம்பரைக் கழற்றச் சொல்கிறார்கள்.

உடம்பும் அப்படித்தான். அடியில் தனியாக ஒரு சேஸிஸ். அதன் மேல் முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி, கூரை என்று தனித்தனியாகப் போல்ட் போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். 1959-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு வெளிவந்தபோது மற்ற கம்பெனிகள் சேஸிஸே இல்லாமல் ஒரே கூடாக உடம்பு அடிக்கும் முறைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃப் கம்பெனிக்கு அதற்கு வழியில்லை. அவர்களுக்கு உடம்பு அடித்துக்கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. வேறு வழி தெரியாமல், சின்னச் சின்னத் துண்டுகளாக வெவ்வேறு இடங்களில் அடித்து, ஒரு இடத்தில் கொண்டுவந்து போல்ட் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். உருவம் வரைந்து கொடுத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலாட்டி. ஆக, அவர்களுடைய அன்றைய நெருக்கடிதான் இன்றைக்கு என் ஷெட்டில் எனக்கு வசதி.

சென்னைக்கும் அது வசதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்த இங்கிலாந்துக் கம்பெனியின் கார்களை இங்கே செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1948-இல் சென்னையில் தொடங்கிய கம்பெனி. வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் தொழிற்சாலை. வான்கார்டு, ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் என்று போய் 1961-இல் ஹெரால்டுக்கு வந்தார்கள். அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு: அந்தக் காலத்தில் புதுக் கார் என்றால் இந்த மூன்றில் ஒன்று. மற்ற இரண்டிலும் கியர் ஸ்டீயரிங் ராடில் இருக்கும். ஹெரால்டில் இன்றைய கார்கள் மாதிரி கீழே தரையில்.

எனக்கு இந்தக் காரின் மேல் உண்மையான பற்று வந்தது அடுத்த விஷயத்தால். இங்கிலாந்தில் விற்ற ஹெரால்டு சலூனுக்கு இரண்டு கதவுதான். நம் ஊரில் அது எடுபடவில்லை. முன் சீட்டை மடக்கி, பெரியவர்களைப் பின்னால் குனிந்து ஏறச் சொல்ல முடியுமா? பட்டுப்புடவை கட்டிய பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். அதனால் 1968 வாக்கில் மார்க் 3 வந்தபோது சென்னையிலேயே நான்கு கதவு வைத்துவிட்டார்கள். இங்கிலாந்து ஹெரால்டு 1147 சி.சி.க்கும், பிறகு 1296 சி.சி.க்கும் போனது. நம்முடையது பழைய 948 சி.சி. இஞ்சினிலேயே நின்றது. அங்கே 1971-இல் ஹெரால்டு நின்றுபோனது. இங்கே அதன் உருவத்தை மாற்றி கேஸல் என்ற பெயரில் 1977 வரை ஓட்டினார்கள்.

பெட்ரோல் பங்கில் நிற்கும்போது “இம்போர்ட்டட் காருங்களா?” என்று தவறாமல் யாராவது கேட்கிறார்கள். இது இங்கிலீஷ் கார் இல்லீங்க, நம்ம வண்டலூர் கார் என்றால் முகத்தில் ஒரு ஏமாற்றம். அந்த ஏமாற்றத்தோடுதான் எனக்குச் சண்டை. இங்கிலாந்தில் ட்ரையம்ஃபுக்கு ஸ்பேர் விற்கும் கடைகள் நிறைய. காசு இருந்தால் ஒரு முழுக் காருக்கான சாமானை வரவழைத்துவிடலாம். அப்படிச் செய்தவர்களின் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பளபளவென்று இருக்கும், முன்னால் ட்ரையம்ஃப் என்று பேட்ஜ் இருக்கும். வண்டலூரில் ஆட்கள் உட்கார்ந்து யோசித்துப் போட்ட நான்கு கதவுக்கு மேல் இங்கிலாந்து பேட்ஜ் ஒட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் செய்கிற வேலையின் கணக்கு இதுதான்: 1969-இல் அந்தத் தொழிற்சாலைக் கேட்டை விட்டு வெளியே வந்த நாளில் இந்த வண்டி எப்படி இருந்ததோ, அப்படி.

சொல்வது சுலபம். எதிர்ப்பு முதலில் நண்பர்களிடமிருந்தே வந்தது. “மாருதி 800 இஞ்சின் ஒண்ணு முப்பதாயிரத்துக்குக் கிடைக்கும். மாட்டி விட்டா ஏ.சி.யே போடலாம்” என்றான் கூட வேலை பார்க்கும் ஒருவன். தப்பாகச் சொல்லவில்லை. அம்பாசடருக்குள் மேட்டடார் டீசல் இஞ்சின் ஓடியதெல்லாம் நாம் பார்த்ததுதான். ஆனால் சட்டமே இப்போது அசல் வடிவத்தைத்தான் கேட்கிறது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் வைத்திருக்கும் வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். அப்புறம் புதுப்பிக்க 5,000. புது நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டியானால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு சிக்கல், அந்தப் பதிவில் போனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் போன்ற காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். எனக்கு மருதமலைக்குப் போக வேண்டும், சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குப் போக வேண்டும். அதனால் நான் வழக்கமான முறையிலேயே எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டேன். மூன்று எழுத்து, நான்கு இலக்கம் போட்ட பழைய மெட்ராஸ் காலத்து நம்பர் அப்படியே இருக்கிறது.

இஞ்சின் இறுகிப்போயிருந்தது. பிளக்குகளைக் கழற்றி, நான்கு ஓட்டையிலும் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறப்போட்டேன். பிறகு முன்புல்லி நட்டில் சாக்கெட் மாட்டி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அசைத்துக்கொண்டே இருந்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விட்டுக்கொடுத்தது. இதில் ஆத்திரம் கூடாது. நீளமான பைப் மாட்டி ஒரே இழுப்பு இழுக்கிறவர்கள் பிஸ்டன் ரிங்கை உடைப்பார்கள்.

ஸ்பானர் பற்றி ஒரு வார்த்தை. இந்த வண்டியின் நட்டு போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு. இன்றைய பட்டறைகளில் இருப்பது எல்லாம் மில்லிமீட்டர். அரை அங்குல நட்டு என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13-ஆம் நம்பர் ஸ்பானரைப் போட்டால் போகும், பிடிக்கும், இரண்டாவது இழுப்பில் மூலையை மழுக்கிவிடும். 7/16 நட்டில் 11-ஆம் நம்பர் ஏறவே ஏறாது. என் வண்டியில் பாதி நட்டு மூலை போயிருந்தது. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அம்பாசடர் காலத்து அங்குல ஸ்பானர்கள் எடை போட்டுக் கிடைக்கும். புது செட்டை விட அவை உழைக்கும்.

948 சி.சி. இஞ்சினின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 63 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 76. சுமார் 35 குதிரைத்திறன். 1953-இல் ஸ்டாண்டர்டு எய்ட் காருக்காக 803 சி.சி.யில் பிறந்த குடும்பம் இது. பின்னாளில் இங்கிலாந்தில் 1493 சி.சி. வரை வளர்ந்து ஸ்போர்ட்ஸ் கார்களில் எல்லாம் ஓடியது. கிராங்க்குக்கு மூன்றே மெயின் பேரிங். எளிமையான இஞ்சின், ஆனால் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கிராங்க் முன்பின்னாக நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்து, கீழே ஆயில் சம்ப்பில் விழுந்துவிடும். அப்புறம் கிராங்க் பிளாக்கையே அறுக்க ஆரம்பிக்கும். வாங்கப் போகிறவர்கள் ஒரு ஆளை கிளட்ச் மிதிக்கச் சொல்லிவிட்டு முன்புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் நகர்ந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது வீட்டுக்குப் போங்கள்.

கணபதியில் நான் பிளாக்கைக் கொண்டுபோன லேத்துக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். பம்ப் செட்டு வேலைதான் அவருக்கு முக்கியம். கார் இஞ்சின் வருவதே அபூர்வம். பிளாக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது நம்ம ஸ்டாண்டர்டுல்ல?” என்றார். போர் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. 40 தவுசண்டு (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 40 பங்கு) ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைத்தால் போர் அடித்துக் கொடுப்பதாகச் சொன்னார். பிஸ்டன் கிடைத்தது தனிக் கதை. ஒரு பழைய ஸ்பேர்ஸ் கடையை மூடிக் காலி செய்துகொண்டிருந்தார்கள். மேல்பரணில் கரையான் தின்றது போக மிச்சமிருந்த அட்டைப் பெட்டிகளில் ஒன்றில், சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் செய்த நான்கும் எண்ணெய்த் தாளில் சுற்றியபடி அப்படியே இருந்தன. பெட்டியின் மேல் போட்டிருந்த பழைய விலையைக் கடைக்காரரும் பார்த்தார், நானும் பார்த்தேன். இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

ஹெட்டில் ஒரு வேலை செய்தேன், அது அசல் இல்லை. 1969-இல் பெட்ரோலில் ஈயம் இருந்தது. வால்வு சீட்டுக்கு அது ஒரு பாதுகாப்பு. 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது. வெறும் வார்ப்பிரும்புச் சீட்டில் எக்ஸாஸ்ட் வால்வு அடித்து அடித்துக் குழி விழும். அதனால் கெட்டியான சீட் ரிங் வைத்து அடைக்கச் சொன்னேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. பழைய ரப்பரை அது தின்றுவிடும், சும்மா நின்றால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றினேன். கேஸ்கெட்டுகளில் பாதியை கார்க் ஷீட் வாங்கி, உருண்டைச் சுத்தியலால் ஓரம் தட்டி நானே வெட்டிக்கொண்டேன். மில்லில் வருடக் கணக்காகச் செய்கிற வேலை.

அசல், உள்ளூர் என்று இவ்வளவு பேசுகிறேனே, இங்கிலாந்திலிருந்து வரவழைத்த சாமானும் இதில் உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் தண்டு ஒன்று இருக்கிறது. அதன் கீழ்முனையில் மரை. அது ட்ரன்னியன் என்ற பித்தளைக் கட்டைக்குள் போல்ட் மாதிரி இறங்கியிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரைதான் சுற்றுகிறது. ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. அதற்குள் போட வேண்டியது கிரீஸ் இல்லை, கியர் ஆயில், 90-ஆம் நம்பர். ஆனால் அங்கே இருப்பது கிரீஸ் நிப்பிள் மாதிரியே இருப்பதால் நம் பட்டறைகளில் காலம் காலமாக கிரீஸைத்தான் அடித்திருக்கிறார்கள். கிரீஸ் அடிவரை போகாது, இறுகிவிடும். கீழே தண்ணீர் தேங்கித் தண்டு துருப்பிடிக்கும். ஒரு நாள் வளைவில் அது முறிந்தால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். என் வண்டியில் கழற்றிய தண்டில் மரைக்கு மேலே விரல் நகம் மாட்டும் அளவுக்குத் துரு அரித்திருந்தது.

லேத்துக்காரர் ட்ரன்னியனைக் கன்மெட்டலில் வார்த்து, மரை வெட்டித் தருவதாகச் சொன்னார். தண்டையும் நல்ல ஸ்டீலில் கடைந்துவிடலாம் என்றார். அவரால் முடியும், சந்தேகமே இல்லை. ஆனால் என் மகள் முன்சீட்டில் உட்காரப் போகிறாள். தண்டு, ட்ரன்னியன் இரண்டையும் இரண்டு பக்கத்துக்கும் இங்கிலாந்திலிருந்தே வாங்கினேன். சுங்க வரி சாமானின் விலையோடு போட்டி போட்டது. பிரேக் விஷயத்தில் உள்ளூரை நம்பினேன். வீல் சிலிண்டர்களை உள்ளே கடைந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் அடித்து, ரப்பர் மட்டும் புதிது. அது இங்கே எல்லோரும் செய்து பார்த்த வேலை, தோற்றால் கசியும், முன்னறிவிப்பு உண்டு.

பின்பக்கம் பற்றித்தான் எனக்கும் மேஸ்திரிக்கும் வாக்குவாதம். மேஸ்திரி ஹெரால்டு ஓடிய காலத்திலேயே பட்டறை வைத்திருந்தவர். முழங்கால் போய்விட்டதால் இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து வாயால் வேலை செய்வார். ஹெரால்டின் பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஆடும். குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். பின்னால் ஜாக்கி வைத்துத் தூக்கினால், தூக்கிய கோழியின் கால்கள் போல இரண்டு சக்கரமும் உள்ளே மடங்கும். வேகமாக வளைவில் போய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் வால் வெளியே போகும். “அந்தக் கருமத்தைக் கழட்டி வீசிப்போட்டு அம்பாசடர் ஹவுசிங்கைப் போடுங்க சார், உசுராச்சும் மிஞ்சும்” என்பது மேஸ்திரியின் கட்சி. அவர் கட்சியில் கம்பெனியே இருந்தது. கேஸல் வந்தபோது ஸ்டாண்டர்டு செய்த பெரிய மாற்றமே இந்த அமைப்பை எடுத்துவிட்டு நேர் ஆக்ஸில் போட்டதுதான். வாங்கியவர்களுக்கும் பிடிக்கவில்லை, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை.

நான் மாற்றவில்லை. ஸ்பிரிங் பட்டைகளை மட்டும் பிரித்து, தேய்த்து, புஷ்களை மாற்றி அப்படியே ஏற்றினேன். குன்னூர் மலைப்பாதையில் இதை நான் ஓட்டுகிற வேகத்துக்குப் பின்னால் வருகிற அரசு பஸ்தான் பொறுமை இழக்கிறது, வால் எங்கும் போகவில்லை. மேஸ்திரி இன்னும் சம்மதிக்கவில்லை. வண்டியில் ஏறினால் முன்சீட்டில்தான் உட்காருவார்.

டிங்கர் வேலை இருக்கிறதே, அதுதான் பணத்தையும் நாளையும் தின்றது. காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றி உடம்பு முழுக்க ஓட்டினேன். ஒட்டாத இடமெல்லாம் பட்டி. கதவுகளின் அடிப்பாகத்தில் தகரமே இல்லை, பட்டியும் பெயிண்ட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் நான்கில் இரண்டு அடியில் ஓட்டை. முன்கதவுக்கு இங்கிலாந்தில் தகரம் கிடைக்கிறது. பின்கதவுக்குக் கிடைக்காது, ஏனென்றால் அங்கே பின்கதவே கிடையாது. டிங்கர் அண்ணன் ஒன்று செய்தார். நல்ல நிலையில் இருந்த வலதுபக்கப் பின்கதவின் வளைவுகளை அட்டையில் வரைந்து எடுத்து, அதைத் திருப்பிப்போட்டு, 20 கேஜ் தகரத்தில் இடதுபக்கத்துக்கு அடிப்பாகம் தட்டினார். மரச்சுத்தியல், மணல் மூட்டை, பழைய தண்டவாளத் துண்டு. இவ்வளவுதான் கருவி. ஒரு தடவை தட்டுவார், கதவை மாட்டுவார், இடைவெளியை விரலால் தடவுவார், கழற்றுவார். நான் பக்கத்தில் நின்று ஃபீலர் கேஜை நீட்டியபோது, “அதெல்லாம் உங்க மில்லுல வெச்சுக்குங்கண்ணா” என்று சிரித்தார். இன்றைக்கும் எந்தக் கதவு அவர் தட்டியது என்று பார்த்துச் சொல்ல முடியாது. மூடும்போது வரும் சத்தத்தில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம்.

பெயிண்ட்டுக்கு எல்லோரும் சொன்னது ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்ட். ஒரே நாளில் அடிக்கலாம், தண்ணீர் விட்ட மாதிரி மின்னும். எனக்கு அந்த மினுமினுப்புதான் பிடிக்கவில்லை. அந்தக் காலத்துக் கார்கள் அப்படி மின்னியதில்லை. டேஷ்போர்டுக்கு அடியில், கை படாத இடத்தில், அசல் நிறம் இருந்தது: வெளிர் சாம்பலில் துளி நீலம். அந்தத் துண்டைக் காட்டிக் கலர் கலக்கி வாங்கி, பழைய முறை என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்டில் அடித்தோம். மெல்லிய கோட்டாகப் பல கோட்டு. இடையிடையே வாட்டர் பேப்பர், கடைசியில் காம்பவுண்ட் போட்டுக் கையால் தேய்ப்பு. தோள்பட்டை கழன்றுவிடும். என் மனைவி வந்து பார்த்துவிட்டு, “ஏங்க, இவ்வளவு தேய்ச்சும் பழசு மாதிரியே இருக்கே” என்றாள். எனக்கு அதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் தேவைப்படவில்லை.

வயரிங்கை முழுசாக எடுத்துவிட்டுப் புதிதாக இழுத்தேன். லூகாஸ் கலர் முறை மனப்பாடமாகிவிட்டால் படமே வேண்டாம்: பேட்டரியிலிருந்து வருவது பிரவுன், இக்னிஷன் வெள்ளை, ஹெட்லைட் நீலம், பார்க்கிங் லைட் சிவப்பு, எர்த் கறுப்பு. நம் ஊர்க் கடைகளில் இரண்டு நிறக் கோடு போட்ட வயர் கிடைப்பதுதான் கஷ்டம். கழற்றிப் பார்த்தபோது என் வண்டியில் ஃபியூஸ் என்று ஒன்றுமே இல்லை. ஒரு வயர் உரசினால் மொத்தமும் எரிய வேண்டியதுதான். மில்லில் மின்தீயைப் பார்த்தவன் நான். இந்த இடத்தில் அசல் என்ற பேச்சுக்கே இடமில்லை. குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் ஃபியூஸ் பாக்ஸ் ஒன்றை மறைத்து வைத்தேன். ஸ்டார்ட்டர் மோட்டார் சென்னை பாடியில் செய்த லூகாஸ் டி.வி.எஸ். சுத்தம் செய்து, புஷ் மாற்றி, பிரஷ் போட்டதும் ஒரே தட்டில் சுற்றியது.

டயருக்கு மட்டும் எங்கேயும் அலையவில்லை. 5.20-13 என்ற பழைய அளவுக்கு இன்றைக்குச் சரியாக வருவது 145/80 ஆர் 13. பழைய வேகன் ஆருக்கும் புது ஆல்ட்டோ கே10-க்கும் போடுகிற அதே டயர். எந்தக் கடையிலும் இருக்கும். திருப்பத்தில் இந்த இரண்டு கார்களையும் ஹெரால்டு தோற்கடிக்கும் என்பது வேறு விஷயம். 25 அடி அகலம் இருந்தால் ஒரே மூச்சில் முழு வட்டம் அடித்துவிடும். எங்கள் தெருவில் யாரும் ரிவர்ஸ் எடுக்காமல் வண்டி திருப்பியதில்லை. நான் திருப்புவதைப் பார்க்கவே எதிர்வீட்டுப் பெரியவர் திண்ணைக்கு வருவார்.

செலவு எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு: ஒரு செகண்ட்ஹேண்ட் ஸ்விஃப்ட் வாங்கியிருக்கலாம், கொஞ்சம் மிச்சமும் இருந்திருக்கும். அதில் பாதி டிங்கருக்கும் பெயிண்ட்டுக்கும். இஞ்சின் வேலை நினைத்ததைவிடக் குறைவு. கோவை மாதிரி ஒரு ஊரில் லேத்தும் ஃபவுண்டரியும் தெருவுக்குத் தெரு இருப்பதால் வந்த குறைவு அது. இதே வண்டியை வேறு ஊரில் வைத்துச் செய்திருந்தால் நான் பாதியில் விட்டிருப்பேன்.

போன வருடம் வேலை விஷயமாகச் சென்னை போனபோது பெருங்களத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, தொழிற்சாலை இருந்த இடத்தைப் பார்த்தேன். கம்பெனி கடைசியாக ரோவர் உடம்பில் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரை 1985-இல் கொண்டுவந்து, அது போகாமல், 1988-இல் மூடிவிட்டது. இப்போது ஐ.டி. கட்டடங்கள், அடுக்குமாடிகள். வாட்ச்மேனிடம் இங்கே கார் செய்தார்கள் தெரியுமா என்று கேட்டேன். “ஃபோர்டா சார்? அது மறைமலைநகர்” என்று வழி சொன்னார். டீ குடித்துவிட்டுத் தாம்பரம் பஸ் ஏறினேன்.

இன்னும் பாக்கி இருக்கிறது. முதல் கியரில் ஒரு முனகல். இந்த கியர்பாக்ஸில் முதல் கியருக்கு, பல் உரசாமல் கியரைச் சேர்க்கும் சிங்க்ரோ கிடையாது, பழகாதவர்கள் ஓடும்போதே போட்டுப் பல்லைத் தேய்த்திருக்கிறார்கள். திறக்க வேண்டும். மழைக்காலம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறேன். இடதுபக்கப் பின்கதவுக் கண்ணாடி இறங்கும் சேனலில் ரப்பர் இல்லை, அம்பாசடர் ரப்பரைச் சீவிப் போட்டதில் கண்ணாடி பாதியில் நிற்கிறது. மார்க் 3-இன் அந்த ரப்பரோ, சேனலோ, உடைந்த பின்கதவே ஒன்றோ உங்கள் ஊர்ப் பட்டறை மூலையில் கிடந்தால் சொல்லுங்கள். வந்து எடுத்துக்கொள்கிறேன். பழைய இரும்பு விலைக்கு மேலேயே தருவேன்.